ஒப்புரவும் கணக்கும்

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரமாகவும் ஈகை 23-ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. அடுத்தடுத்து நின்றாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தமிழாசிரியர் அறிவர். ஈகை, உள்ளவன் இல்லாதவனுக்கு ஈவது. ஒப்புரவு, உலக நடையறிந்து, ஊரொடு ஒத்து, ஒருவர்க்கொருவர் உதவி வாழ்வது. ஈகையில் ஒரு கை மேலும் ஒரு கை கீழும் இருக்கும். ஒப்புரவில் இரு கைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

கூலியையும் விலையையும் சந்தையே முடிவு செய்யும் முதலாளித்துவ உலகில் ஈகைக்கு என்றும் இடமுண்டு. பெருஞ்செல்வர் மருத்துவமனை கட்டுவர். கோயிலுக்கும் பள்ளிக்கும் நன்கொடை வழங்குவர். ஆனால், உழைத்து உண்போர் தமக்குள் ஒப்புரவு பேணி நன்கு வாழ்தல் அவ்வுலகில் இயலுமா? இவ்வினாவுக்கு நிலைத்த விடை ஒன்றைத் தந்தோர் ஆங்கில நாட்டு நெசவாளர் சிலர். அவ்விடை பின்னர்ச் சென்னைக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. அவ்வரலாறு தமிழாசிரியர் அறிந்து போற்றத்தக்கது.

ராச்டேல் நெசவாளர்

இங்கிலாந்தில் அந்நாளில் லங்காஷயரைச் சேர்ந்திருந்த ராச்டேல், மென்கம்பளித் துணி நெசவுக்குப் பெயர் பெற்ற நகரம். நீராவியால் ஓடும் தறிகள் பெருகவே, கைத்தறி நெசவாளரின் கூலி வீழ்ந்தது. கூலி உயர்வு கேட்டு நடத்திய போராட்டங்களும் தோற்றன. குறைந்த கூலியிலும் ஒரு பகுதியைக் கடைக்காரர் கொண்டு போயினர். பற்று எழுதி வாங்குபவன் நிறை குறைந்தாலும் பேச முடியாது; மாவில் சுண்ணத்தூள் கலந்திருந்தாலும் வாய் திறக்க முடியாது. மலாயாத் தோட்டத்துக் கடைப் பற்றை அறிந்தவர்க்கு இந்நிலையை விளக்கவேண்டுவதில்லை.

இவர்களுக்கு முன்னரே ராபர்ட் ஓவன் (1771–1858) என்னும் பெருந்தகையார் கூட்டு வாழ்வைப் பற்றிக் கனவு கண்டார். அமெரிக்காவில் 1825-இல் நியூ ஹார்மனி என்னும் குடியிருப்பை நிறுவினார். சில ஆண்டுகளிலேயே அது கலைந்தது. ராச்டேலிலும் 1833-இல் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டு, 1835-இல் மூடப்பட்டது. அதனை மூழ்கடித்தது பகைவரின் சூழ்ச்சியன்று. உறுப்பினர்க்குத் தாராளமாகக் கடன் கொடுத்ததே அதனை மூழ்கடித்தது. பக்கத்து வீட்டுக்காரன் பசியோடு வந்து நின்றால் இல்லையென்று எவ்வாறு சொல்வது? இரக்கம் கொடுக்கச் சொன்னது, கொடுத்த கடன் திரும்பவில்லை, கடை அழிந்தது. அதன்பின் பசித்தவர் எவர்க்கும் அக்கடை உதவவில்லை.

இத்தோல்வியைக் கண்டறிந்தவர்களே 1844-இல் மீண்டும் கூடினர். கூட்டுறவு இயக்க வரலாறு அவர்களை 28 முன்னோடிகள் என்று போற்றுகிறது. வாரம் 2 பென்னி, பின்னர் 3 பென்னி எனத் தண்டினர். அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. வாரம் 2 பென்னி கொடுப்பவர் ஒரு பவுன் சேர்க்க 120 வாரமாகும். 3 பென்னி கொடுத்தாலும் 80 வாரமாகும். இவ்வாறு திரண்ட முதல் 28 பவுன். டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, 1844 டிசம்பர் 21 அன்று, ஆண்டின் மிக நீண்ட இரவில், கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அங்கிருந்த சரக்கு.

சரக்கு சிறிது, விதியோ உறுதியானது. ரொக்கத்திற்கே விற்பனை, எவர்க்கும் கடன் இல்லை. கலப்படமற்ற பண்டம்; முழு நிறை. பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு. முதலுக்கு வரம்பிட்ட வட்டி மட்டுமே. எஞ்சிய ஆதாயம், யார் எவ்வளவு பங்கு வைத்தார் என்பதைப் பாராமல், யார் எவ்வளவு பண்டம் வாங்கினார் என்பதைப் பார்த்துப் பகிரப்பட்டது. மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் நல்காத அக்காலத்திலேயே, 1846-இல், எலிசா பிரியர்லி என்னும் பெண்மணி இச்சங்கத்தில் உறுப்பினரானார்.

கடன் மறுக்கும் விதி கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் அதன் பரிவு விளங்கும். ஒருவர் திருப்பித் தாராத கடனை மற்ற இருபத்தெழுவர் சுமக்க நேரும். ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பமோ, தனக்கு வரவேண்டிய ஆதாயத்தைக் கடையிலேயே விட்டு வைத்தால், உண்ணும் உணவின் வழியாகவே சேமிப்பைப் பெறும். நோயும் வேலையின்மையும் வந்த நாளில் அச்சேமிப்பு கைகொடுக்கும். கை நீட்டாமல் வாழும் மதிப்பும் அதனால் கிட்டும்.

முதலாண்டு முடிவில், 1845-இல், உறுப்பினர் 74 பேர்; முதல் 181 பவுன்; விற்பனை 710 பவுன். 1860-இல் உறுப்பினர் 3,450 பேர். முதல் 37,710 பவுன். விற்பனை 1,52,063 பவுன். எழுத்தாளர் ஹோலியோக் இச்சங்கத்தின் வரலாற்றை எழுதி வெளியிட, ராச்டேலின் பெயர் பல நாடுகளிலும் பரவியது.

ஆலையில் நேர்ந்த பிழை

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்தல் கற்பிப்போர்க்கு அழகன்று. முன்னோடிகளின் முயற்சியால் 1854-இல் ராச்டேலில் கூட்டுறவுப் பஞ்சாலை ஒன்று தோன்றியது. ஆதாயத்தில் ஒரு பகுதி ஆலையில் உழைப்பவர்க்கு உரியது என்பது அதன் விதி. ஆலை செழித்தது. ஆதாயத்தை நாடிப் புதியவர் பலர் பங்கு வாங்கினர். 1862-இல் அவர்கள் பெரும்பான்மை பெற்று, உழைப்பாளரின் அப்பங்கை நீக்கிவிட்டனர். வெளியிலிருந்து எந்த முதலாளியும் வந்து ஆலையைப் பறிக்கவில்லை. உறுப்பினரே முதலாளி மனம் கொண்டனர்.

ஆகவே விதியும் வாக்கும் மட்டும் போதா. அவற்றின் நோக்கம் உணர்ந்த உறுப்பினரும் வேண்டும். கடையை நடத்திய முன்னோடிகள் இதனை உணர்ந்திருந்தனர். தம் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். கடைக்கு மேலேயே படிப்பகமும் நூலகமும் அமைத்தனர். மாவு விற்றவர்கள் நூலகம் வைத்தது ஏன் என்பதற்குப் பஞ்சாலையின் கதையே விடை.

சென்னையும் மலாயாவும்

சென்னை மாகாணத்தில் உழவரின் கடன் சுமையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைபைசன் வளர்த்த சிற்றூர்க் கடன் சங்கங்களை எடுத்துக்காட்டி, 1890-களில் அறிக்கை அளித்தார். 1904-இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில், ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு, 14 பேர் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினர். ‘டியூசிஎஸ்’ என்று சென்னை மக்கள் வழங்குவது அதனையே.

மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922-இல் வந்தது. அஞ்சல் தந்தித் துறை ஊழியரின் சிக்கனக் கடன் சங்கமே முதலிற் பதிவானது. சிங்கப்பூரில் 1925-இல் அரசு ஊழியர் சங்கம் தோன்றியது. தோட்டங்களிலும் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் படிப்படியாகப் பரவின. சம்பள நாளில் சில காசு சங்கத்துக்குச் சேரும். கலியாணமோ கருமாதியோ வந்தால் வட்டிக்காரரைத் தேடாமல் தன் பணத்தையே எடுக்கலாம்.

ஆனால் 1950-களில் வந்த இடர், சிக்கனத்தால் மட்டும் தீரக்கூடியதாக இல்லை. நாடு விடுதலை பெறும் காலத்தில் வெள்ளைக்காரக் கும்பெனிகள் பல தம் இரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்பது இதுவே. துண்டு நிலம் வாங்கியவர்க்கு லயமும் ஆயக்கொட்டகையும் மருந்தகமும் வேண்டுவதில்லை, பள்ளியும் வேண்டுவதில்லை. பால்வெட்டும் வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் படிப்பும் போகும். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகப் பேசும் வலிமை பெற்றிருந்தது. தோட்டமே நூறு துண்டாகச் சிதறிய பின் எந்த முதலாளியிடம் பேசுவது?

இந்நிலையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரும் அந்நாள் அமைச்சருமான வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகத் தவணையிற் செலுத்தலாம். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே கூடி வாங்குவது என்பது திட்டம். பால்வெட்டுகிறவன் தோட்டத்துக்குச் சொந்தக்காரனாவதா என்று நகைத்தவர் உண்டு. 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பின்னரும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். பணம் செலுத்திய பல்லாயிரவருள் பெரும்பாலோரின் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை; எல்லாத் தோட்டங்களையும் வாங்க எந்தச் சங்கத்தாலும் இயலாது. பேராக்கில் ஒருவர் செலுத்திய பத்து வெள்ளி, அவர் கண்ணாலும் காணாத கெடாத் தோட்டத்து லயங்களைக் கலையாமல் காத்தது. அவரிடம் நன்றி கேட்டு எவரும் நிற்கவில்லை. எவர்க்கும் ஈந்ததாக அவரும் எண்ணவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு பங்குச் சீட்டு. வள்ளுவர் ஒப்புரவை ஈகையினின்று பிரித்துவைத்த நயம் இங்கே விளங்கும்.

கணக்கைப் படிப்போர்

கூட்டுறவு என்னும் பெயரே காவலாகிவிடாது. மலேசியாவில் 1986-இல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்ற 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி சிக்கிக்கொண்டது. நிலத்திலும் பங்குச் சந்தையிலும் சூதாடியது போலச் சங்கப் பணம் போடப்பட்டது. நிர்வாகிகளைச் சார்ந்தோர்க்கும் கடனாகச் சென்றது. ராச்டேல் பஞ்சாலையில் உறுப்பினரின் பேராசை கெடுத்தது. இங்கே உறுப்பினரின் அயர்வு கெடுத்தது. மாறாக, சிங்கப்பூரில் விலைவாசி ஏறிய 1973-இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் திறந்த ‘வெல்கம்’ கூட்டுறவு அங்காடி, 1983-இல் மற்றொரு கூட்டுறவுடன் இணைந்து ‘ஃபேர்பிரைஸ்’ எனப் பெயர் பெற்று இன்றும் நடக்கிறது.

அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. தமிழர் வீட்டு மொய்ப் புத்தகமே அவர்க்கு மறுமொழி. பத்து வெள்ளி எழுதியவர் வீட்டுக் கலியாணத்தில் பத்து வெள்ளிக்குக் குறையாமல் எழுதுவதால் உறவு கெடுவதில்லை. எழுதி வைப்பதாலேயே எளியவரும் தலைநிமிர்ந்து பந்தியில் அமர்கின்றனர். சங்கத்தின் பேரேடும் அத்தகையதே.

தோட்டங்கள் பல இன்று நகரங்களாகிவிட்டன. இரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீடுகளும் நிற்கின்றன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. அங்கும் கடன் உண்டு, நோய் உண்டு, வேலை போகும் நாளும் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகையை வாசிக்கும்போது, அதில் உள்ள ஓர் எண்ணைச் சுட்டி எழுந்து வினவக்கூடிய உறுப்பினர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அச்சங்கங்களின் வாழ்வு அமையும். அவ்வாறு வினவும் ஆற்றல், கூட்டலும் கழித்தலும் நூற்று வீதமும் கற்பிக்கும் தொடக்கப் பள்ளியில் பிறக்கிறது. கணக்குப் பாடத்தில் வட்டியைக் கற்பிக்கும் ஆசிரியர், ராச்டேல் கடையின் 74 உறுப்பினரையும் 181 பவுனையும் ஒரு கணக்காகக் கரும்பலகையில் எழுதலாம். ஒப்புரவறிதல் அதிகாரம் நடத்தும் ஆசிரியர், புக்கிட் சிடிமின் கதையைச் சொல்லலாம். இரண்டையும் ஒருங்கே கேட்ட பிள்ளை, வளர்ந்தபின் தன் சங்கத்தின் கூட்டத்திற்குத் தவறாமல் செல்லும்.