பிரம்பும் பிடிசோறும்: சிங்கப்பூரில் விலங்குகள் பாடம் கற்ற வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா வீட்டிற்குப் போயிருந்தேன். பத்தாவது மாடியில் வீடு. கதவைத் திறந்ததும் ஒரு சிறிய நாய் ஓடி வந்தது. சீமை நாய் அன்று. நம் தோட்டத்து லயங்களில் திரிகிறதே, செம்பட்டை நிறமும் நிமிர்ந்த காதுமாக, அதே நாட்டு நாய்தான். அக்காவின் மகள் "உட்கார்" என்றாள், உட்கார்ந்தது. "இரு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை அது அசையவில்லை. வந்தவள் அவித்த கோழியில் நகத்தளவு பிய்த்து அதன் வாயில் போட்டாள்.

"எத்தனை அடி கொடுத்துப் பழக்கினாய்?" என்று கேட்டேன்.

"அடிச்சா எப்படி மாமா கத்துக்கும்?" என்றாள் அவள்.

பல ஆண்டுகள் மேசைமேல் பிரம்பு வைத்துப் பாடம் நடத்தியவன் நான். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே, விலங்குகளுக்கு மனிதன் பாடம் சொன்ன வரலாற்றைச் சிங்கப்பூரிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் பகுதிக்குச் சென்றவர்கள் தேக்கா சந்தையை அறிவார்கள். அந்த வட்டாரத்திற்கு மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். அங்கே எருமைச் சாலை என்ற தெருவும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலை ஓரங்களில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. மாட்டைப் பழக்கியவர்கள் கையில் தார்க்கோலும் இருந்தது, புல்லுக்கட்டும் இருந்தது. எது மாட்டை உண்மையில் பழக்கியது என்பதை நல்ல வண்டிக்காரனைக் கேட்டால்தான் தெரியும்.

அதே சாலையின் நடைபாதையில் நெடுங்காலம் கிளி ஜோதிடர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டைத் திறந்தால் கிளி வெளியே வரும். சீட்டுகளை அலகால் தள்ளி ஒன்றை எடுக்கும். ஒரு தானியத்தை வாங்கிக்கொண்டு தானாகக் கூண்டிற்குள் போகும். ஜோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கிளிக்குச் சீட்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு மணி தானியமும் பல நாள் பொறுமையுமே. அதற்காகக் கிளியைப் பிடித்து அடைத்தது நியாயமா என்பது வேறு கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளிகளைப் பிடித்து அடைப்பது குற்றம்.

அடுத்து, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வாருங்கள். 1929 முதல் அங்கே துணை இயக்குநராக இருந்தவர் ஈ. ஜே. எச். கார்னர் என்ற ஆங்கிலேயர். மலாயாக் காடுகளின் மரங்களை ஆராய்வது அவர் வேலை. பூவும் காயும் இருந்தால்தான் மரத்தின் இனத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும். நம் காட்டு மரங்களோ நூறடிக்கு மேல் வளர்பவை. ஒரு பூவுக்காக ஒரு மரத்தையே வெட்ட வேண்டுமா?

கிளந்தானில் மலாய்க்காரர்கள் பெரோக் என்னும் குரங்கை மரத்தில் ஏற்றித் தேங்காய் பறிப்பார்கள். நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கிறோம். பழக்குபவர் குரங்கின் கையைத் தம் கையால் பிடித்து, காயைத் திருகும் விதத்தை மீண்டும் மீண்டும் காட்டுவார். கார்னர் இந்த வழக்கத்தைக் கவனித்தார். 1937இல் இத்தகைய குரங்குகளைப் பூங்காவின் வேலைக்குப் பழக்கத் தொடங்கினார். நீண்ட கயிற்றின் மறுமுனையில் மனிதன் நின்று மலாய்ச் சொற்களால் வழிகாட்டுவான். குரங்கு உச்சிக்கு ஏறிக் கிளையை ஒடித்துப் போடும். மனிதன் ஏற முடியாத உயரத்துப் பூக்கள் இவ்வாறு ஆராய்ச்சிக்கு வந்தன. மலாயாவின் வழியோர மரங்களைப் பற்றி கார்னர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1940இல் வெளிவந்தது.

குரங்கின் கழுத்தில் கயிறு இருந்தது உண்மை. எல்லாக் குரங்காட்டிகளும் அன்பானவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மர உச்சியில் இருக்கும் குரங்கைக் கீழே நிற்பவனின் கோல் எட்டாது. அங்கே வேலை செய்வது பழக்கமும் நம்பிக்கையும்தான்.

நாய் விஷயத்தில் உலகம் இந்த உண்மைக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது. ஜெர்மனியில் காவல் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் 1910இல் ஒரு நூல் எழுதினார். கழுத்துப்பட்டையை வெடுக்கென்று இழுப்பதும் பிரம்பும் அதில் முக்கிய இடம் பெற்றன. நெடுங்காலம் பல நாடுகளில் அம்முறையே வழக்கில் இருந்தது.

அதே காலத்தில் அறிஞர்கள் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். ரஷ்யாவின் பாவ்லவ், சோறு வருவதற்கு முன்னர் வரும் அடையாளத்தைக் கண்டாலே நாயின் வாயில் எச்சில் ஊறுவதை ஆராய்ந்தார். அமெரிக்காவின் தார்ன்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழை நீக்கி வெளியே வந்து உணவை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டார். நல்ல பலன் தந்த செயலையே உயிர் மறுபடியும் செய்கிறது என்பது அவர் கண்ட விதி. பலன் கெட்டதானால் செயல் மறையும் என்றும் அவர் முதலில் கருதினார். பின்னர் 1932இல் அதைத் திருத்தினார்: பரிசு ஒரு பழக்கத்தை வளர்க்கும் அளவுக்குத் தண்டனை ஒரு பழக்கத்தை அழிப்பதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். வகுப்பறைக்குள் நுழைந்ததும் மறந்துவிட்டேன்.

1951இல் ஸ்கின்னர் என்ற அறிஞர், விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். சரியான செயல் நடந்த அதே நொடியில் ஒரு சிறு ஒலி, உடனே உணவு. செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான்.

சிங்கப்பூர்க் காவல்துறையின் நாய்ப் படை 1954இல் தொடங்கியது. அதில் இன்று பெரிய நாய்கள் மட்டுமல்ல, ஸ்பேனியல் போன்ற சிறிய நாய்களும் மோப்ப வேலை செய்கின்றன. இத்தகைய மோப்ப நாய்க்குப் பொதுவாக என்ன கூலி தெரியுமா? தேடியதைக் கண்டுபிடித்தவுடன் ஒரு பந்து. அதை நாய் வேலையாக எண்ணுவதே இல்லை, விளையாட்டாகவே எண்ணுகிறது.

சிங்கப்பூர் மக்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அந்த வீடுகளில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்கு அங்கே இடமில்லாமல் இருந்தது. 2012இல் அடோர் என்ற திட்டம் வந்தது. உயர வரம்புக்கு உட்பட்ட நாட்டு நாய்களையும் அந்த வீடுகளில் தத்தெடுக்கலாம் என்றது. நிபந்தனைகளில் ஒன்று: நாய் கீழ்ப்படிதல் பயிற்சி பெற வேண்டும். அக்கா வீட்டு நாய் இத்திட்டத்தில் வந்ததுதான். தெருநாய்க்கு வீட்டைச் சம்பாதித்துக் கொடுத்தது அது கற்ற பாடமே.

நம் வீட்டு நாய்க்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். காசு செலவில்லை. பசியாறுவதற்குச் சற்று முன்னர், சுண்டுவிரல் நகத்தளவு இறைச்சியோ உப்பில்லாத மீனோ முள் நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்குமேல் பின்னோக்கி நகர்த்துங்கள். தலை நிமிரும்; பின்பகுதி தானாகத் தரையில் அமரும். அமர்ந்த நொடியிலேயே "சரி" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. நான்கைந்து முறை ஆனபிறகு, கையை நகர்த்துமுன் "உட்கார்" என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவேளைக்கு ஐந்து நிமிடம் போதும். நன்கு பழகியபின் தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தட்டிக்கொடுத்தாலே போதும் என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு இவற்றை மட்டும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

முடிக்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய்ப்பாடு வராது. ஒரு நாள் காலை ஏழாம் வாய்ப்பாட்டிற்காக அவனை அடித்தேன். அன்று மாலை லயத்துக்குப் பின்னால் அவனைக் கண்டேன். ஒரு குட்டி நாய்க்குக் கை கொடுக்கக் கற்பித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் பாதி பிஸ்கட். அதிலும் பொடிப்பொடியாகக் கிள்ளிக் கொடுத்தான். குட்டி பத்துமுறை தவறியது. அவன் ஒருமுறைகூடக் கோபிக்கவில்லை. "பரவாயில்ல, இன்னொரு வாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பதினோராவது முறை குட்டி கையைத் தூக்கியது.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. பிரம்பு மேசையிலேயே இருந்தது. என் மருமகளின் கேள்விக்குப் பிறகுதான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது தோட்டத்தில் அவரைக்கொடி அதைப் பற்றி ஏறியிருக்கிறது. வகுப்பு ஒரே நாளில் மாறிவிடவில்லை. சத்தம் கூடியதுகூட உண்மை. ஆனால் தெரியாததைத் "தெரியாது சார்" என்று பிள்ளைகள் இப்போது பயமின்றிச் சொல்கிறார்கள். கற்பித்தல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் பாட்டன்மார் பெரட்டுக் களத்தில் அதட்டலுக்கு அஞ்சி வேலை கற்றவர்கள். அந்த அதட்டலை நாம் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டியதில்லை. இன்று மாலை வாசலில் நிற்கும் நாய்க்கு ஒரு சொல் கற்றுக்கொடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுங்கள். நாய் ஒன்றைக் கற்கும். பிள்ளை ஒன்றைக் கற்கும். நாமும் ஒன்றைக் கற்போம்.