இணையம் தடுமாறினால் பழுது எங்கே? வேகத்தைக் கூட்டுமுன், கணினி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வீட்டில் இணையம் திக்கித் திணறத் தொடங்கியதும் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. சேவை நிறுவனத்தை அழைத்து இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுகின்றன, அல்லது பழைய மடிக்கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குகின்றன. முன்னது வழக்கமாக 24 மாத ஒப்பந்தம். இடையில் விலகினால் அபராதம். பின்னதற்கு ஆயிரம் வெள்ளி வரை கரையும். இவ்வளவும் செய்த பிறகும் பிள்ளையின் காணொளி வகுப்பு முன்புபோலவே பாதியில் உறைந்து நின்றால், பழுது வேறெங்கோ இருந்திருக்கிறது என்று பொருள். பத்து வெள்ளிக் கம்பியிலோ ரவுட்டர் வைத்த இடத்திலோகூட அது இருக்கலாம்.

சிங்கப்பூர் வீடுகளுக்கு இணையம் வரும் வழி ஏறத்தாழ ஒன்றுதான். நெட்லிங்க் நிறுவனத்துக்குச் சொந்தமான கண்ணாடியிழைக் கம்பி வீட்டுச் சுவரில் உள்ள சிறிய வெள்ளைப் பெட்டியில் வந்து முடிகிறது. அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று ஓஎன்டி எனப்படும் கருவிக்குச் செல்கிறது. ஒளியாக வந்த தகவலை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. அடுத்தது ரவுட்டர். அதிலிருந்து வைஃபை, பிறகு கைப்பேசியும் கணினியும். சில நிறுவனங்கள் ஓஎன்டியையும் ரவுட்டரையும் ஒரே பெட்டியாகத் தருகின்றன. எந்த நிறுவனத்திடம் சந்தா கட்டினாலும் பெரும்பாலும் அதே கண்ணாடியிழைதான். எனவே வீட்டுக்குள் இருக்கும் கோளாறு, நிறுவனத்தை மாற்றினால் மட்டும் தீராது.

இணையம் அடியோடு நின்றுவிட்டால்

முதலில் ஓஎன்டியின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். பிஓஎன் என்று குறிக்கப்பட்ட விளக்கு பச்சை நிறத்தில் நிலையாக எரிந்தால் கண்ணாடியிழை இணைப்பு நலம். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை. அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. தொலைக்காட்சி அலமாரியைச் சுவரோடு தள்ளியதில் அந்த மெல்லிய கம்பி மடங்கியிருக்கலாம். துடைப்பம் பட்டு நுனி தளர்ந்திருக்கலாம். கண்ணாடியிழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்துவிடும், உள்ளே உடையவும் கூடும். மடிப்பைத் தளர்த்தி, நுனி சரியாகப் பொருந்தியுள்ளதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கழன்ற நுனிக்குள் கண் வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு அணையாவிட்டால் சேவை நிறுவனத்தை அழைப்பதுதான் வழி. "எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால், தொலைபேசியில் பத்து நிமிடச் சோதனைகள் மிச்சமாகும்.

விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால் இரு கருவிகளையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து ஓஎன்டியை மட்டும் முதலில் போட வேண்டும். அதன் விளக்குகள் நிலைத்த பிறகே ரவுட்டர். வரிசை முக்கியம். ரவுட்டர் முந்திக்கொண்டால் இணைய முகவரி கிடைக்காமல் தவிக்கக்கூடும். ஊசி நுழையும் அளவுத் துளைக்குள் இருக்கும் 'ரீசெட்' பொத்தானை அவசரத்தில் அழுத்துவோர் உண்டு. அது கருவியின் எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு.

வேகம் குறைந்தால் கம்பியில் சோதனை

வைஃபையில் வேகச் சோதனை செய்து, அந்த எண்ணைக் காட்டி நிறுவனத்திடம் சண்டை போடுவதில் பொருளில்லை. மடிக்கணினியை லேன் கம்பி மூலம் நேரடியாக ரவுட்டருடன் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். லேன் துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிகளுக்கு யுஎஸ்பி-சி மாற்றி கடைகளில் கிடைக்கும்.

இந்தச் சோதனையில் வரும் எண் பல கதைகளைச் சொல்லும். 1 ஜிபிபிஎஸ் திட்டத்தில் 900 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை. கம்பியில் போகும் தகவலோடு சேரும் முகவரி விவரங்கள் சிறிது இடம் பிடித்துக்கொள்வதால், 1 ஜிபிபிஎஸ் துளை வழியாக 940 வரைதான் எட்ட முடியும். எத்தனை முறை சோதித்தாலும் 94 அல்லது 95 என்றே வந்தால் அது தற்செயல் இல்லை. லேன் கம்பிக்குள் நான்கு ஜோடி இழைகள் உண்டு. 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் கருவிகள் இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகின்றன. யாரிடமும் முறையிடாமல், எச்சரிக்கை எதுவும் காட்டாமல் இது நடந்துவிடும். வேகத் திட்டத்தை உயர்த்திய பல வீடுகளில் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கம்பியின் உறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. திட்டத்தின் வேகம் மெகாபிட் கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 500 எம்பிபிஎஸ் திட்டத்தில் நொடிக்கு 60 மெகாபைட் இறங்கினால் ஏமாற்றம் எதுவும் நடக்கவில்லை.

இத்தனைக்கும் வீட்டுக்குத் தேவைப்படும் வேகம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. 4கே தரத்தில் ஒரு படம் பார்க்க 25 எம்பிபிஎஸ் தாராளம். காணொளி வகுப்புக்குச் சுமார் 4 போதும். வகுப்பு உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்பு விட்டுவிட்டு வருவது. இதைக் கண்டறிய கணினியில் உள்ள 'பிங்' கட்டளை உதவும். முதலில் ரவுட்டரின் முகவரியைப் பிங் செய்ய வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1. பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரி ஒன்று. ரவுட்டர்வரை செல்வதற்கே நேரம் ஏறி இறங்கினால் கோளாறு வைஃபையில். ரவுட்டர்வரை சீராக இருந்து, வெளி முகவரிக்கு மட்டும் அடிக்கடி அறுந்தால் நிறுவனத்தை அழைக்க நல்ல ஆதாரம் கையில் இருக்கிறது.

வீவக வீடும் வைஃபையும்

கம்பியில் வேகம் சரி, அறைக்குள் மட்டும் இல்லை என்றால் வீட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்படும் வீவக வீடுகளில் புகலிட அறை உண்டு. 'பாம் ஷெல்டர்' என்றால் எல்லாருக்கும் புரியும். குண்டுவெடிப்பின் அதிர்வைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட தடித்த கான்கிரீட் சுவர்கள், உள்ளே இரும்புக் கம்பிகள், இரும்புக் கதவு. வைஃபை அலையைத் தடுக்க இதைவிடச் சிறந்த கலவையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாமான் அறையாகப் பயன்படும் அந்த அறைக்குள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ரவுட்டரை வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகளில் கடைசி அறைக்கு அலை போகாததில் வியப்பில்லை. புகலிடத்தின் சுவரை உடைக்கவோ கதவைக் கழற்றவோ சட்டம் அனுமதிக்காது. வெளியே வர வேண்டியது ரவுட்டர்தான்.

இணைய முனை வாசலருகே இருப்பதால் ரவுட்டரும் அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும்; நீளமான லேன் கம்பியைச் சுவரோரம் ஓட்டி, ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, நெஞ்சளவு உயரத்துக்குக் கொண்டு வரலாம். தொலைக்காட்சிக்குப் பின்னால், மீன் தொட்டிக்கு அருகில், பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர் அலையை உறிஞ்சும். உலோகமும் கண்ணாடியின் பின்பூச்சும் அதைத் திருப்பி அனுப்பும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு துளைக்கும், ஆனால் மெதுவானது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவருக்குச் சுவர் தளரும். அடுக்குமாடிக் கட்டடத்தில் கைப்பேசியைத் திறந்தாலே மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று இருபது வைஃபை பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கிடையே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. நுண்ணலை அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றை 5க்கு மாற்றிவிட்டு, அறிவார்ந்த விளக்கு, மின்விசிறி போன்றவற்றை 2.4இல் விடுவது நல்ல ஏற்பாடு.

அப்படியும் எட்டாத அறைக்கு 'மெஷ்' கருவிகள் உண்டு. அலை எட்டாத அறைக்குள்ளேயே இரண்டாவது கருவியை வைப்பது பரவலான தவறு. அதற்கே அலை கிடைக்காதபோது எதைப் பரப்பும்? பாதி வழியில் வைக்க வேண்டும். முடிந்தால் இரு கருவிகளையும் லேன் கம்பியால் இணைப்பது மிகச் சிறப்பு. புதிய வீவக வீடுகள் பலவற்றில் படுக்கையறைச் சுவரில் லேன் முனைகள் ஏற்கெனவே உள்ளன. அவை தூசி படிந்து கிடக்க, வைஃபைக்காக நூற்றுக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டு. மலிவான 'ரிப்பீட்டர்' ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பினால் வேகம் ஏறத்தாழ பாதியாகும்.

ரவுட்டர் வாங்கும்போது

வைஃபை 6 தரமுள்ள ரவுட்டர் இன்றைய பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். வைஃபை 6இ, வைஃபை 7 ஆகியவை 6 கிகாஹெர்ட்ஸ் அலையையும் பயன்படுத்தக்கூடியவை. அந்தப் புதிய பாதையில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும் திறனும் குறைவு. கைப்பேசியும் கணினியும் அதே தரத்தில் இல்லாவிட்டால் பயனும் இல்லை. நாடு முழுவதும் 10 ஜிபிபிஎஸ் வேகத்தைக் கொண்டுவர 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கம் 2024இல் அறிவித்தது. அத்தகைய திட்டங்களும் விற்பனையில் உள்ளன. வீட்டிலுள்ள மடிக்கணினியின் லேன் துளை 1 ஜிபிபிஎஸ் என்றால் மீதி ஒன்பதும் ரவுட்டரிலேயே நின்றுவிடும். பெரிய காணொளிக் கோப்புகளை அன்றாடம் அனுப்பும் தொழில் செய்வோர் தவிர மற்றவர்கள் அவசரப்படத் தேவையில்லை.

சைபர் பாதுகாப்பு முகவை 2020இல் தொடங்கிய முத்திரைத் திட்டத்தின்கீழ், இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் முத்திரை பெற்றிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் கூடக்கூடப் பாதுகாப்புச் சோதனையும் கடுமை. வெளிநாட்டு இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் ரவுட்டரில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கணினிதான் மெதுவா?

மற்ற கருவிகளில் எல்லாம் ஓடும் இணையம் ஒரே கணினியில் மட்டும் தவழ்ந்தால் சந்தேகம் அந்தக் கணினியின் மேல் விழ வேண்டும். சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினியில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் ஆளே மாறியதுபோல் இருக்கும். புதிய கணினியின் விலையில் சிறு பகுதிதான் இதற்குச் செலவு. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே உள்ள கணினியில் பணம் போடுவதைவிடப் புதியதற்குச் சேமிப்பது மேல்.

புதிய மடிக்கணினியில் முதலில் பார்க்க வேண்டியது நினைவகம். 8 ஜிபி குறைந்தபட்சம். ஐந்தாண்டு ஓட வேண்டுமானால் 16. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட முடியாது. 64 ஜிபி சேமிப்பகம் கொண்ட மலிவு விண்டோஸ் கணினிகளை ஒதுக்குவது நல்லது. விண்டோஸ் புதுப்பிப்புகளே அந்த இடத்தை நிரப்பிவிடும். உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்காக வாங்குவோர் முதலில் பள்ளியிடம் கேட்க வேண்டும். 2021 முதல் எல்லா உயர்நிலை மாணவர்களும் பள்ளி வழியாகக் கற்றல் சாதனம் பெறுகின்றனர். எடுசேவ் தொகையையும் அதற்குப் பயன்படுத்தலாம்.

சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் கண்காட்சியில் வாங்கினாலும் மாடல் எண்ணும் நினைவக அளவும் ரசீதில் இருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டத்தின்படி, ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகவே பொதுவாகக் கருதப்படும். பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது விற்றவரின் பொறுப்பு.

"உங்கள் வைஃபையில் கோளாறு" என்று தானாக வரும் அழைப்பு எதையும் நம்பலாகாது. உள்நாட்டு அழைப்பில் '+65' என்ற முன்குறி வராது. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் உடனே துண்டித்துவிட்டு, ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799இல் கேட்கலாம். தனியாக வாழும் மூத்தோருக்கு நேரில் ஒருவர் காட்டிக் கொடுத்தால்தான் புரியும் என்றால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள மின்னிலக்கச் சமூக நடுவங்களில் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாக உதவுகிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்கள் 'டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம்' திட்டத்தின்கீழ் சலுகை விலையில் இணையச் சந்தாவுக்கும் மடிக்கணினிக்கும் விண்ணப்பிக்கலாம்.