அரசனே வாரிசு

1817இல் தாமஸ் பௌடிச் என்ற ஆங்கிலேயர் குமாசிக்குப் போனார். இன்றைய கானாவில் இருக்கும் அந்த ஊர்தான் அசாந்தே அரசின் தலைநகர். திரும்பி வந்து எழுதிய புத்தகத்தில் சொல்கிறார்: அங்கே குடிமக்கள் எல்லோருடைய தங்கத்துக்கும் அரசனே வாரிசு.

கேட்டால் கொள்ளை மாதிரித்தான் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நிலம் தாய்வழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து, மரண வரியில் அது சேராது. அரசன் கை வைத்தது, ஒருவர் தன் ஆயுளில் தானே சம்பாதித்த தங்கத்தூளில். பணக்காரர் ஆவதை அசாந்தே அரசு தடுக்கவில்லை, கொண்டாடியது. பெருஞ்செல்வம் சேர்த்தவருக்கு யானை வால் ஏந்தும் கௌரவம் உண்டு. ஆனால் தங்க யானை வால் ஒன்றே ஒன்றுதான், அது அரசனுடையது. நீ எவ்வளவு சேர்த்தாலும் அது கடைசியில் எங்கே போகும் என்பதை ஊர் முன்னாலேயே சொல்லிவிடுகிற ஏற்பாடு.

வாங்குகிற கை நியாயமாக இருக்கும்வரை இது ஓடும். 1874இல் பிரிட்டிஷ் படை குமாசியை எரித்தது. அதன்பின் அரசேறிய மென்சா போன்சு அபராதம், பறிமுதல் என்று தங்கத்தைக் கறந்தார். வியாபாரிகள் பலர் தெற்கே, கடற்கரையிலிருந்த பிரிட்டிஷ் காலனிக்கு ஓடினார்கள். 1883இல் ஜனங்கள் அரசனையே இறக்கிவிட்டார்கள். ஓடியவர்கள் அங்கே பார்த்தது வேறு உலகம்: சம்பாதித்தவன் செத்தாலும் பணம் வீட்டிலேயே நிற்கிறது.

1896இல் பிரிட்டிஷார் முதலாம் பிரெம்பேயை நாடுகடத்தினார்கள். வியாபாரிகள் குமாசிக்குத் திரும்பினார்கள். முதலில் ரப்பர், பிறகு கோகோ. மரண வரி கிடையாது. 1900இல் யா அசாந்தேவா நடத்திய போரை நாமெல்லாம் சிலிர்ப்போடு படிக்கிறோம். அந்நியன் வந்தபிறகு நிம்மதியாகத் தூங்கியவர்களும் அதே ஊரில் இருந்தார்கள் என்பதைத் தாண்டிப்போக எனக்கு முடியவில்லை.

1924இல் பிரெம்பே சீஷெல்ஸிலிருந்து திரும்பினார். இரண்டு வருஷத்தில் குமாசியின் தலைவரானார். பழைய மரண வரியை அவர் மீண்டும் கொண்டுவரப்போகிறார் என்று 1930இல் பேச்சு கிளம்பியதும், குமாசிப் பணக்காரர்கள் பிரிட்டிஷ் தலைமை ஆணையருக்கு மனுப் போட்டார்கள். எங்கள் அரசனிடமிருந்து எங்கள் பணத்தைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாசாமாசம் சம்பளத்தில் வரி பிடித்திருப்பதைப் பார்த்து முனகுகிற ஆள்தான் நானும். ஆனால் எல்லை மீறிய மென்சா போன்சுவை அவர்களால் இறக்க முடிந்தது. தலைமை ஆணையரை எந்தக் குமாசிக்காரன் இறக்குவான்? 1943இல் அந்தக் காலனி அரசே கோல்ட் கோஸ்ட்டில் வருமான வரிச் சட்டம் போட்டது.