காந்தள் கிழங்கு: தமிழ் மருத்துவ மரபில் நஞ்சும் அதன் வரையறைகளும்

முன்னுரை

மூலிகை என்றாலே தீங்கற்றது என்னும் எண்ணம் இன்று பரவலாக நிலவுகிறது. தமிழ் மருத்துவ மரபு அவ்வாறு கருதியதில்லை. நஞ்சுடைய சரக்குகளைத் தனியே அறிந்து, அவற்றிற்குச் சுத்தி, அளவு, பத்தியம், முறிவு ஆகிய வரையறைகளை அது வகுத்துள்ளது. இவ்வரையறைகள் சரக்கிலிருந்து பிரியும்போது நேர்வதைக் காந்தளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் இலக்கியமும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் கார்த்திகைப்பூ எனவும் வழங்கும். கலப்பை போன்று வளைந்த வடிவால் இதன் கிழங்கு கலப்பைக்கிழங்கு எனப்படுகிறது. இலாங்கலி என்னும் வடமொழிப் பெயரும் கலப்பையைக் குறித்ததே. பூவை உற்று நோக்கினால் கண் நோகும் என்னும் நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு என்றும் பெயர் பெற்றது என்பர்.

குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர் வரிசை செங்காந்தளில் தொடங்குகிறது. திருமுருகாற்றுப்படை முருகன் சூடும் காந்தளை வண்டு மொய்க்காத மலராகக் காட்டுகிறது. செடியின் நச்சுத்தன்மையைப் புலவர் அறிந்திருந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாமோ என்று தோன்றலாம். ஆயின் குறுந்தொகைப் பாடலொன்றில் தும்பி காந்தளின் தாதை ஊதுகிறது. எனவே வண்டு மொய்க்காமை என்பதைத் தெய்வ மலரின் சிறப்பாகக் கொள்வதே பொருந்தும். சங்க இலக்கியம் காந்தளின் நிறத்தையும் மணத்தையும் பாடுகிறது. கிழங்கின் நஞ்சை அறிய மருத்துவ மரபையே நாட வேண்டும்.

மருத்துவ வழக்கு

மருத்துவ வழக்கில் இக்கிழங்கு பெரிதும் புறமருந்தாகவே பயன்பட்டது. தோல் நோய்களுக்கும் நச்சுக்கடிகளுக்கும் அரைத்துப் பூசினர். நஞ்சுக்கொடி வெளிப்படத் தாமதமானபோது கை, கால்களில் பூசும் வழக்கமும் இருந்தது. கருவைச் சிதைக்கும் ஆற்றல் உடையதென்பதால் கருவுற்ற பெண்களுக்கு இது விலக்கப்பட்டது. உள்மருந்தாக வழங்குமுன் சுத்தி செய்தல் கட்டாயமாயிற்று. கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் உலர்த்தி, இதனைச் சில நாள் திரும்பச் செய்தல் ஒரு முறையாகும். புறப்பூச்சு, சுத்தி, விலக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே இக்கிழங்கை மருந்தாக்கின.

ஆய்வுக்கூடத்தில் காந்தள்

19ஆம் நூற்றாண்டில் இக்கிழங்கு ஆங்கிலேய அரசின் மருந்தியல் ஆய்வுக்கு உட்பட்டது. சென்னையில் பணியாற்றிய மருத்துவர் மொகிதீன் ஷெரீப் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தித் தாமே உட்கொண்டு, மக்கள் அஞ்சுமளவு இது கொடியதன்று என்று கருதினார். 1880இல் வார்டன் என்பவர் இதிலிருந்து கசப்புப் பொருளொன்றைப் பிரித்து அதற்குச் சூப்பர்பைன் எனப் பெயரிட்டார். 1915இல் வெளிவந்த வேதியியல் ஆய்வே கிழங்கில் கோல்சிசின் இருப்பதைக் காட்டியது.

கோல்சிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கும் நஞ்சாகும். மிகச் சிறிய அளவில் கீல்வாத வலிக்கு மருந்தாகும் இப்பொருள், அளவு மிகின் வாந்தி, கழிச்சல் ஆகியவற்றில் தொடங்கிப் பல உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும். பிழைத்தவர்க்கும் முடி உதிர்தல் உண்டு. உடல் முழுதும் முடி உதிர்ந்த அத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி 1966இல் இலங்கையிலிருந்து பிரித்தானிய மருத்துவ இதழில் அறிக்கை வெளியாயிற்று. மொகிதீன் ஷெரீப்பின் தற்சோதனையை விட மக்களின் அச்சமே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்பது இதனால் புலனாகும்.

சுத்தி முறையையும் இவ்வறிவின் துணைகொண்டு மதிப்பிடலாம். கோல்சிசின் நீரில் கரையக்கூடியது. ஆகவே மோரில் பலமுறை ஊறவைக்கும்போது நஞ்சின் ஒரு பகுதி வெளியேறும் என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும் எஞ்சியிருக்கும் நஞ்சின் அளவை நிறத்தாலோ சுவையாலோ அறிய இயலாது. மரபின் முறைக்குக் காரணம் உண்டு. அளவிடும் கருவி அதனிடம் இல்லை.

சட்டமும் சாகுபடியும்

1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம் 1964இல் திருத்தப்பட்டுச் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளையும் தன் வரம்பிற்குள் கொண்டது. விதிகளின் ஈ(1) பட்டியல் நச்சுச் சரக்குகளின் பெயர்களைத் தருகிறது. இலாங்கலி அவற்றுள் ஒன்று. இச்சரக்குகள் சேர்ந்த உள்மருந்துகளின் மேலுறையில், மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை இடம்பெற வேண்டும். மரபின் நஞ்சுப் பகுப்பு இவ்வாறு சட்ட வடிவம் பெற்றது.

ஆனால் எச்சரிக்கை மருந்துப் புட்டியோடு நின்றுவிடுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் ஆகிய பகுதிகளில் காந்தள் இன்று விதைக்காகப் பயிரிடப்படுகிறது. கோல்சிசின் எடுப்பதற்காக அவ்விதை ஏற்றுமதியாகிறது. பயிரிடுவதற்கான கிழங்கு உழவர் வீடுகளில் இருப்பாக உள்ளது. உண்ணும் கிழங்கென மயங்குதற்கு இடமுள்ள இதன்மீது எவ்வெச்சரிக்கையும் இல்லை. வேகவைத்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. முன்பு கிழங்கைக் கையாண்டவர் அதன் நஞ்சையும் அறிந்த மருத்துவர். இன்று அதனைக் கையாள்வோருக்கு அது விற்பனைப் பயிர்.

முடிவுரை

காந்தள் கிழங்கின் பாதுகாப்பு அதன் இயல்பில் இல்லை. அதனைச் சூழ்ந்திருந்த வரையறைகளிலேயே இருந்தது. மரபைப் போற்றுவோர் பயனை மட்டும் எடுத்துச் சுத்தியையும் விலக்கையும் விடுவராயின், அவர்கள் போற்றுவது மரபின் பாதியே ஆகும். சுவடிகளிலும் அச்சு நூல்களிலும் உள்ள சுத்தி முறைகளைத் தொகுத்து, ஒவ்வொரு முறைக்குப் பின்னும் எஞ்சும் நஞ்சின் அளவைக் கணக்கிடுவது தமிழ் ஆய்வாளரும் வேதியியலாரும் இணைந்து செய்யவேண்டிய பணியாகும். அதுவரை, கிழங்கு இருக்கும் வீடுகளுக்கு எச்சரிக்கையைக் கொண்டு சேர்ப்பதேனும் நடைபெற வேண்டும்.