ஹான்யா: போட்டோவில் இல்லாத சந்து

கிரீட் தீவுன்னு தேடினா முதல்ல வர்ற போட்டோ ஒண்ணு இருக்கு. வளைஞ்ச துறைமுகம், கரையோரம் மஞ்சளும் காவியுமா வீடுகள், முனையில ஒரு கலங்கரை விளக்கம். அந்த ஊர்தான் ஹான்யா. அங்க போனப்போ நானும் அதே போட்டோவைத்தான் எடுத்தேன்.

அந்த ஒரு போட்டோவுக்குள்ள மூணு ஆட்சி இருக்கு. துறைமுகத்தைக் கட்டினது வெனிஸ்காரங்க. கப்பல் கட்ட அவங்க எழுப்பின நீளமான கல் கொட்டகைகள் சில இன்னும் நிக்குது. 1645-ல் ஒட்டோமான் படை ஊரைப் பிடித்தது. தண்ணீர் ஓரமா குவிமாடத்தோட இருக்கிற மசூதி அவங்க காலத்துது. கலங்கரை விளக்கம் மினார் மாதிரி இருக்கேன்னு தோணும். 1830-களில் கிரீட் எகிப்தின் கையில் இருந்தபோது திரும்பக் கட்டினது அது.

சரி, கட்டடம் இருக்கு. இங்க வாழ்ந்தவங்க?

1913-ல் கிரீட் கிரீஸோடு இணைந்தது. 1923-ல் கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. தலைமுறை தலைமுறையா இங்கே இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். அவங்கள்ல நிறைய பேர் வீட்டுல பேசினது கிரேக்க மொழி. ஆனா யார் போகணும், யார் இருக்கணும்னு முடிவு பண்ணது மதம்.

மிஞ்சியிருந்த சின்னச் சமூகம் யூதர்கள். துறைமுகத்துல இருந்து கொண்டிலாகி தெருவுல ஏறி, ஒரு சந்துல திரும்பினா அவங்க ஜெப ஆலயம். பேர் எட்ஸ் ஹயிம், அதாவது வாழ்வின் மரம். 1944 மே 29 விடியற்காலையில் ஜெர்மன் படை அந்தத் தெருக்களை வளைத்தது. 250-க்கும் மேற்பட்டவர்களை, குழந்தைகளோடு சேர்த்துப் பிடித்துப்போனார்கள். பிறகு ஹெராக்லியோன் துறைமுகத்தில் தனாயிஸ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். கிரேக்கக் கைதிகளும் இத்தாலியப் போர்க்கைதிகளும் அதே கப்பலில் இருந்தார்கள். ஜூன் 9 அன்று ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதை எதிரியின் சரக்குக் கப்பல் என்று நினைத்து டார்பிடோ விட்டது. அந்த யூதர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஹிட்லரை எதிர்த்துப் போராடினவங்க விட்ட குண்டுலதான் அவங்க செத்தாங்க. ஆனா அவங்களை அந்தக் கப்பல்ல ஏத்தினது யாருங்கறதை மறந்துடக் கூடாது.

அதுக்கப்புறம் அந்த ஜெப ஆலயம் பல வருஷம் பாழாக் கிடந்தது. நிக்கோஸ் ஸ்டாவ்ருலாகிஸ் என்பவர் முன்னின்று அதைச் சீரமைத்தார். 1999-ல் மறுபடியும் திறந்தாங்க. 2010 ஜனவரியில் இரண்டு முறை தீ வைத்தார்கள். திரும்பவும் சரி பண்ணாங்க.

நான் உள்ளே போனப்போ முற்றத்துல யாருமே இல்ல. நூறடி தள்ளி, துறைமுகத்துல செல்ஃபி எடுக்க இடம் கிடைக்கல.

ஹான்யா போனீங்கன்னா போட்டோ எடுங்க, தப்பே இல்ல. அப்புறம் அந்தச் சந்துலயும் ஒரு தடவை திரும்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.