காலியா கிடந்த ஒரு ஸ்லாட்

இந்த எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது. 2025 செப்டம்பர், ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஏரல்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிற என் மாமா பேசினாரு. "மருமவனே, நம்ம கம்ப்யூட்டருக்கு நாள் குறிச்சிட்டான்டே. அக்டோபர் 14ன்னு தேதியே போட்டிருக்கான்."

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்துற தேதி அது. விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா, இந்த மெஷினுக்குத் தகுதி இல்லைன்னு திரையிலயே வந்திருக்கு. ஒரு கடையில விசாரிச்சதுக்கு, "இதெல்லாம் பழசு, செட்டாவே மாத்திருங்க"ன்னு முப்பதாயிரத்துக்கு மேல கொட்டேஷன் குடுத்துட்டாங்க. மாமாகிட்ட இருந்தது மூவாயிரம்.

மூவாயிரம்தான் இருந்ததுக்கும் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பக்கத்துல இருக்கிற காயல்பட்டினத்துல ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மீறி ஏரலுக்குள்ள வந்துச்சு. பாலத்தை ஒட்டின ரோடு அறுந்து ஊரே துண்டாகிப் போச்சு. அன்னிக்கு ராத்திரி மாமா கடையில இருந்து மாடிக்குத் தூக்கிட்டு ஓடினது சிபியு ஒண்ணைத்தான். (சிபியுன்னா உள்ள இருக்கிற சிப்தான், பெட்டி இல்லைன்னு நான் காலேஜ் முதல் வருஷத்துல எல்லாரையும் திருத்திட்டுத் திரிஞ்சேன். இப்போ விட்டுட்டேன்.) ஜெராக்ஸ் மெஷின், பிரின்டர், யூபிஎஸ் மூணும் சேத்துல போச்சு. அதுக்கெல்லாம் வாங்கின கடன் இன்னும் அடையல.

அடுத்த வாரம் ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். 2012ல வாங்கினது. மூணாம் தலைமுறை ஐ3, ஹெச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மேல ரெண்டு விரல் கனத்துக்குத் தூசி. ரேம் மாட்டுற இடம் ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு பதிமூணு வருஷமா காலி.

அந்தக் காலி இடத்தைப் பாத்ததும்தான் இந்த எபிசோடே தோணுச்சு. வாங்கினவர் கையில காசு சேரும்போது தானே ஒண்ணை வாங்கி மாட்டிக்கட்டும்னு இப்படி இடம் விட்டு வைக்கிற பழக்கம் எங்க இருந்து வந்துச்சு?

1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் தன்னோட பிசியை வெளியிட்ட நாள். ஃப்ளோரிடாவுல போகா ராட்டன்ங்கிற ஊர்ல, டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில ஒரு சின்ன டீம் அதைச் சுமார் ஒரு வருஷத்துல முடிச்சாங்க. எல்லாத்தையும் சொந்தமா செய்யிற ஐபிஎம், அவசரத்துக்காக வெளியில வாங்கிச்சு: சிப் இன்டெல்லோடது, டாஸ் மைக்ரோசாஃப்ட்டோடது. உள்ள கூடுதல் கார்டு மாட்ட அஞ்சு ஸ்லாட். சர்க்யூட் படம், பயாஸோட முழு நிரல், எல்லாத்தையும் ஒரு மேனுவலா அச்சடிச்சு வித்தாங்க. மத்த கம்பெனிகள் கார்டு செஞ்சாத்தான் தங்கள் பெட்டி ஓடும்னு கணக்கு.

பூட்டு ஒண்ணே ஒண்ணுதான். பயாஸ் நிரலைப் படிக்கலாம், காப்பி அடிக்கக் கூடாது. காப்புரிமை. காம்பேக் கம்பெனி இதை எப்படித் தாண்டிச்சுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஒரு குழு அந்த நிரலைப் படிச்சு, அது என்னென்ன வேலை செய்யுதுன்னு மட்டும் எழுதித் தரும். நிரலைக் கண்ணாலயே பாக்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வெச்சுப் புதுசா எழுதும். 1982 நவம்பர்ல காம்பேக் தன் பெட்டியை அறிவிச்சது. அப்புறம் வரிசையா குளோன்கள்.

கையை மீறிப் போச்சுன்னு தெரிஞ்சு, 1987ல பிஎஸ்/2 கம்ப்யூட்டர்ல ஐபிஎம் ஸ்லாட்டையே மாத்திச்சு. மைக்ரோ சேனல்னு பேரு. பழைய கார்டு மாட்டாது, மத்தவங்க செய்யணும்னா உரிமத் தொகை கட்டணும். தொழில்நுட்பமா அது நல்ல வடிவமைப்புதான். ஆனா காம்பேக் உட்பட ஒன்பது கம்பெனிகள் சேந்து 1988ல பழைய கார்டும் மாட்டுற இன்னொரு தரத்தை அறிவிச்சாங்க. அந்தத் தரமும் ரொம்ப நாள் ஓடல. ஆனா ஸ்லாட்டுக்கு யாரும் தனியா சொந்தக்காரர் ஆக முடியாதுங்கிறது நிலைச்சுப் போச்சு. 1995ல இன்டெல் ஏடிஎக்ஸ்னு ஒரு தரம் கொண்டு வந்தது. போர்டுல திருகு ஓட்டை எங்க இருக்கணும், எஸ்எம்பிஎஸ் பிளக் எப்படி இருக்கணும்னு அது சொல்லும். 2007ல டிடிஆர்3 தரம் வந்துச்சு. எந்தக் கம்பெனி டிடிஆர்3 ரேமும் எந்தக் கம்பெனி டெஸ்க்டாப் போர்டுலயும் உக்காரும். டிடிஆர்4ஐக் கொண்டு வந்து அமுக்கினா உக்காராது, வெட்டு வேற இடத்துல இருக்கும். அமுக்காதீங்க.

சரி, இது ஏரலுக்கு எப்படி வந்துச்சு? அந்நிய முதலீட்டு விதிகளுக்கு உடன்படாம 1978லயே ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போயிருச்சு. வெளிநாட்டுப் பாகம் வேணும்னா லைசென்ஸ், அதுக்கு மேல பெரிய வரி. 1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசு கொண்டு வந்த கம்ப்யூட்டர் கொள்கை அந்தக் கதவை முதல்ல லேசா திறந்துச்சு. 1996 டிசம்பர்ல சிங்கப்பூர்ல தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம். இந்தியா 1997ல சேந்தது. 2005 வாக்குல பெரும்பாலான பாகங்களுக்கு இறக்குமதி வரி பூஜ்யம். இங்கேயே தயாரிச்ச கம்பெனிகள் இதனால அடி வாங்கினதுங்கிற விமர்சனத்துல நியாயம் இருக்கு. ஆனா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பாகம் பாகமா வாங்கி 'அசெம்பிள்டு' செட் போடுற தொழில் அப்பதான் ஊர் ஊரா பரவுச்சு. மாமா பெட்டியும் அப்படி ஒரு அசெம்பிள்டு செட்தான். பெட்டி மேல கம்பெனி பேரே கிடையாது.

இப்போ பில்லுக்கு வருவோம். திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் ஒரு செகண்ட்ஹேண்ட் கடையில 4 ஜிபி டிடிஆர்3, 400 ரூபாய். புது எஸ்எஸ்டி 256 ஜிபி, 1,600. பழைய எஸ்எம்பிஎஸ்ல ஃபேன் சுத்துது, ஆனா கரண்ட் ஏறி இறங்கும்போது மெஷின் அணையுது, புதுசு 850. பயாஸ் பேட்டரி 40, சாட்டா கேபிள் 60, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் 60. மொத்தம் 3,010. 2025ல செஞ்ச எஸ்எம்பிஎஸ், 2012 போர்டுல ஒரே அமுக்குல உக்காந்துச்சு.

ஐ5 போடலாம்னு ஆசை இருந்துச்சு, அதே சாக்கெட்தான். போடல. பத்திரிகை டைப் அடிக்கிறதுக்கும், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடுறதுக்கும் ஐ3 தாராளம். மெஷின் மெதுவானதுக்குக் காரணம் சிப் இல்ல, ஹார்ட் டிஸ்க். உள்ள தட்டு சுத்தி, முள் நகந்து, தேடி எடுக்கணும். எஸ்எஸ்டில நகர எதுவும் இல்ல. ஹெச்61ல இருக்கிறது பழைய வேகத்து சாட்டாதான், எஸ்எஸ்டியோட முழு வேகம் வராது. இருந்தும், டீ குடிச்சிட்டு வந்தாத்தான் டெஸ்க்டாப் தெரியும்ங்கிற நிலைமை மாறி, அரை நிமிஷத்துல வந்துச்சு.

பாகம் எல்லாம் உக்காந்துச்சு. உக்காராதது விண்டோஸ் 11. இன்டெல்னா எட்டாம் தலைமுறையும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும் வேணும்ங்குது. பாதுகாப்புக் காரணம் உண்மைதான். ஆனா இந்தப் பூட்டைக் காசு குடுத்து ஒரு ஸ்லாட்டுல மாட்டித் திறக்க முடியாது. இன்னொரு வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தர்றாங்களேன்னு கேப்பீங்க. அடுத்த அக்டோபர்ல மாமா மறுபடி போன் பண்ணுவாரு, அவ்வளவுதான்.

அதனால எஸ்எஸ்டில லினக்ஸ் மின்ட். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் ஒண்ணும் புதுசில்ல. 2006க்கு அப்புறம், உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண்மை இயக்குநரா இருந்தப்போ, எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறிச்சு. சி-டாக் சென்னையில உருவாக்கின பாஸ் லினக்ஸ் 2007ல வந்துச்சு. பிரின்டர் ட்ரைவருக்காக ரெண்டு ராத்திரி நான் முழிச்சதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

நான் யோசிக்காத சிக்கலை மாமாதான் காட்டினாரு. "அப்போ என் பத்திரிகைலாம்?" பன்னெண்டு வருஷத்துக் கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி. அத்தனையும் பேஜ்மேக்கர் ஃபைல். அந்த மென்பொருளோட கடைசிப் பதிப்பே 2001ல வந்தது. எழுத்துரு யூனிகோட் கிடையாது. 1999 பிப்ரவரில சென்னையில தமிழ்நெட் மாநாடு நடத்தி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தாங்க. 2010ல அரசு யூனிகோடை ஏத்துக்கிச்சு. டிடிபி கடைகள் தங்கள் பழைய எழுத்துருவை விடல. வேற மெஷின்ல திறந்தா மாப்பிள்ளை பேரு ஆங்கிலக் கிறுக்கலா தெரியும். சித்திரையிலயும் ஆவணியிலயும் மாமா வீட்டு அடுப்பு எரியிறது அந்த ஃபைலாலதான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டல. அதுல விண்டோஸ் 10 அப்படியே இருக்கு, நெட் மட்டும் கிடையாது. பத்திரிகை வேலைன்னா ஆன் பண்ணும்போது அதைத் தேர்ந்தெடுக்கணும். ஆன்லைன் வேலைன்னா லினக்ஸ். எதுக்கு எதுன்னு ஒரு பழைய பத்திரிகை அட்டையில எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிட்டு வந்தேன்.

பஸ் ஏறும்போது மாமா கேட்டாரு: "பழைய எஸ்எம்பிஎஸ்ஸ எங்கடே வெச்ச? அதுல ஃபேன் நல்லாத்தான ஓடுது, தூரப் போட்டுறாத."