ட்ரையம்ப் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும்

ட்ரையம்ப் ஹெரால்டு, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஆகியவை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனம் உருவாக்கிய இரு மகிழுந்துகள் ஆகும். ஹெரால்டு 1959 இலும் ஸ்பிட்ஃபயர் 1962 இலும் அறிமுகமாயின. முன்னது குடும்பப் பயன்பாட்டிற்கானது. பின்னது இருவர் அமரும் திறந்த விளையாட்டு மகிழுந்து. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. இவற்றுள் ஹெரால்டு, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1961 முதல் தயாரிக்கப்பட்டது. ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை.

பொது அமைப்பு

ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ஹெரால்டினதைத் தழுவி, நீளம் குறைத்து அமைக்கப்பட்டது. பணத் தட்டுப்பாட்டால் கைவிடப்பட்டிருந்த இத்திட்டம், 1961 இல் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்டு-ட்ரையம்பை வாங்கிய பின்னரே உயிர்பெற்றது. இரு வண்டிகளிலும் பானெட், முன்சக்கர மட்கார்டுகளுடன் சேர்ந்து முன்புறமாகச் சாய்ந்து திறக்கும். இதனால் எஞ்சினையும் முன்சக்கர அமைப்பையும் எளிதில் பழுதுபார்க்கலாம்.

ஒப்பீடு (தொடக்ககால வடிவங்கள்)

- எஞ்சின்: ஹெரால்டு 948 கன செ.மீ.; ஸ்பிட்ஃபயர் 1147 கன செ.மீ.
- திறன்: ஹெரால்டு சுமார் 35 குதிரைத்திறன், ஸ்பிட்ஃபயர் 63 குதிரைத்திறன்.
- உச்ச வேகம் (மணிக்கு): ஹெரால்டு சுமார் 114 கி.மீ.; ஸ்பிட்ஃபயர் சுமார் 148 கி.மீ.
- சக்கர இடைத்தூரம்: ஹெரால்டு 2324 மி.மீ.; ஸ்பிட்ஃபயர் 2108 மி.மீ.
- முன்சக்கர பிரேக்: ஹெரால்டில் டிரம், ஸ்பிட்ஃபயரில் டிஸ்க்.

பின் அச்சுச் சிக்கல்

இரண்டிலும் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் "ஸ்விங் ஆக்சில்" முறை பயன்பட்டது. குறுக்கே அமைந்த ஒரே கமான் பட்டை பின்பாரத்தைத் தாங்கியது. ஒவ்வோர் அச்சும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலை ஒட்டிய ஒரு மூட்டில் மட்டுமே அசைவதால், சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் மாறும். பாரம் மிகுந்தால் சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயும். விரைவாகத் திரும்பும்போது ஓட்டுநர் திடீரென வேகத்தைக் குறைத்தால், பின்பகுதி உயர்ந்து வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும். வண்டி பிடிப்பை இழந்து சுழலக்கூடும்.

இக்குறையை இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளில் தீர்த்தன. இங்கிலாந்தில் 1970 இல் வெளிவந்த நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில், கமான் பட்டையின் ஒரு தகடு மட்டும் இறுக்கிப் பொருத்தப்பட்டு, மற்றவை அசைய விடப்பட்டன. இதனால் தனித்தியங்கும் அமைப்பு நீடித்தது. மடங்கும் இயல்பு குறைந்தது. இந்தியாவில், ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டு 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் ஸ்விங் ஆக்சிலே நீக்கப்பட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது. பின்சக்கரங்களின் தனி அசைவு இழக்கப்பட்டாலும், சாய்வு மாறும் சிக்கலும் பழுதுபார்க்கும் சிரமமும் குறைந்தன.

வண்டலூர் ஆலை

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948 இல் தொடங்கப்பட்டது. ஹெரால்டின் நான்கு கதவு வடிவம் இந்தியாவிற்கென்றே உருவானது. இங்கிலாந்தில் இரு கதவு வடிவங்களே இருந்தன. கெசல் குறைந்த எண்ணிக்கையில் 1977 வரை தயாரிக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஹெரால்டு 1971 இலும் ஸ்பிட்ஃபயர் 1980 இலும் நிறுத்தப்பட்டன. ரோவர் வண்டியொன்றைத் தழுவி 1985 இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 வெற்றி பெறவில்லை. 1988 இல் அதன் உற்பத்தியும் நின்றது.